படுக்கைக்குத்தான் காப்பீடா? எழுந்து நடக்க யார் கொடுப்பது?

தோழர்களே!

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் உழைத்து வாழும் நம் மக்கள் நம் சங்கத்தாரிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பக்கவாதம் வந்தவருக்குப் பிசியோதெரபி கொடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆயுஷ்மான் அட்டையை வாங்கிக்கொள்ளும் கிளினிக் எது?" "மூட்டு ஆபரேஷன் முடிந்தது. இனிப் பயிற்சி செய்தால்தான் கால் மடங்குமாம். அட்டைக்கு அதை யார் செய்வார்கள்?" "எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் பிரித்தாகிவிட்டது. கை நீளவில்லை. எங்கே போவது?"

சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிடுகிறோம். அட்டையின் விதிப்படி அப்படி ஒரு கிளினிக் இருக்கவே வழியில்லை. அபர்தீன் பஜாரிலிருந்து காராசார்மா வரை ஒவ்வொரு போர்டாகப் படித்துக்கொண்டு நடந்தாலும் கிடைக்காது. உங்கள் தேடலில் குறை இல்லை. திட்டத்தைத் தீட்டியவர்கள் உங்களை நினைத்துத் தீட்டவில்லை என்பதே குறை. "ஐந்து லட்ச ரூபாய் அட்டை கொடுத்தாயிற்று, இன்னும் என்ன வேண்டும்?" என்று மேடையில் கேட்கிறவர்களுக்கு நம் பதிலை இந்த இதழில் எழுதி வைக்கிறோம்.

அட்டை எந்த வாசலோடு நின்றுவிடுகிறது?

பிரதம மந்திரி ஜன ஆரோக்கிய யோஜனா என்னும் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கி வைக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய். தொகை பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் எதற்கு அந்தத் தொகை? மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்தால் அந்தச் சிகிச்சைக்கு. சேர்வதற்கு முந்திய 3 நாள் செலவுக்கு. வீட்டுக்கு அனுப்பிய பின் 15 நாள் செலவுக்கு. அதோடு சரி. படுக்கையில் சேராமல் வந்து போகும் புறநோயாளிச் சிகிச்சைக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை.

பிசியோதெரபியோ, இயன்முறை சிகிச்சை என்று தமிழில் சொல்கிறோமே, அது பெரும்பாலும் புறநோயாளிச் சிகிச்சை. வாரத்துக்கு மூன்று நாள், நான்கு நாள் என்று மாதக்கணக்கில் போய் வரவேண்டியது. பக்கவாதத்தில் செத்துப்போன மூளைப் பகுதி திரும்ப முளைப்பதில்லை. பக்கத்தில் உள்ள பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரே அசைவை நூறு முறை, ஆயிரம் முறை செய்ய வைத்தால்தான் அவை கற்கும். முதல் மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரைதான் இந்தக் கற்றல் வேகமாக நடக்கும் காலம். அந்தக் காலத்தைக் கோட்டைவிட்டால் தோள் இறங்கிப்போகும், விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி இறுகும், குதிகால் தரையில் பதியாது. கிடந்த இடத்தில் படுக்கைப் புண் வரும். புண் முற்றினால் மறுபடி மருத்துவமனை. அப்போது மட்டும் அட்டை செல்லும்!

இந்தக் கணக்கைப் பாருங்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு அட்டையில் பணம் உண்டு. மாற்றிய மூட்டை மடக்கி நீட்டப் பழக்குவதற்கு 15 நாளைத் தாண்டினால் பணம் இல்லை. புதுச் சக்கரம் பூட்டிக் கொடுத்துவிட்டு, வண்டியைத் தள்ளிப் பார்க்காமல் ஷெட்டிலேயே நிறுத்திவிட்டுப் போகும் மெக்கானிக்கை ரயில்வேயில் ஒருநாள் வைத்திருப்பார்களா?

கிளினிக்காரர் ஏன் கையை விரிக்கிறார்?

சிலர் கிளினிக் நடத்தும் பிசியோதெரபிஸ்டுகள் மேல் கோபப்படுகிறார்கள். அட்டையைக் காட்டியதும் முகத்தைத் திருப்புகிறார்கள் என்கிறார்கள். கோபம் திசைமாறிப் போகிறது, தோழர்களே. இந்தத் திட்டத்தில் சேரும் மருத்துவமனைக்குப் பொதுவாகக் குறைந்தது 10 படுக்கையாவது இருக்க வேண்டும் என்பது விதி. பிசியோதெரபி கிளினிக்கில் எத்தனை படுக்கை இருக்கும்? பயிற்சி கொடுக்க ஒரு மேசை, சுவரில் ஒரு சக்கரம், பிடித்து நடக்க இரண்டு கம்பி. அவர் சேர விரும்பினாலும் கதவு இல்லை. சேர்ந்தாலும் ஒரு நாள் பயிற்சிக்கு இவ்வளவு என்று கொடுக்கத் திட்டத்தில் தனி விலை இல்லை. அறுவை சிகிச்சைக்கு ஒரு மொத்த விலை என்ற பேக்கேஜ் முறை. ஆபரேஷனுக்குப் பேக்கேஜ் போடலாம். ஆறு மாதம் கையைப் பிடித்து நடக்கப் பழக்குவதற்கு எந்தப் பேக்கேஜ்?

இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. 2008-இல் வந்த ராஷ்ட்ரீய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா 30,000 ரூபாய் கொடுத்தது, படுக்கையில் சேர்ந்தால். 2009-இல் தமிழ்நாட்டில் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம் அதேபோல அறுவை சிகிச்சைக்கும் பெரிய சிகிச்சைக்கும் கொடுத்தது. ஆட்சி மாறும், பெயர் மாறும், அட்டையின் நிறம் மாறும், படம் மாறும். படுக்கை என்ற நிபந்தனை மட்டும் மாறுவதில்லை. காரணம் என்ன? காப்பீடு என்பது பெரிய, எப்போதாவது வரும் செலவை எண்ணிப் பிறந்த வியாபாரம். பெரிய மருத்துவமனைக்கு அதில் பெரிய பில் உண்டு. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக, நோயாளி எழுந்து நடக்கும்வரை கூடவே இருக்கும் சிகிச்சையில் யாருக்கும் பெரிய பில் இல்லை. லாபமில்லாத இடத்தில் திட்டம் போடுகிறவர்களின் பேனா நகர்வதில்லை.

2024 அக்டோபர் 29 முதல், 70 வயது கடந்த எல்லோருக்கும் வருமானம் பாராமல் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை கொடுக்கிறார்கள். நல்லது, வரவேற்போம். ஆனால் 70 வயதானவருக்கு என்ன வரும்? பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, மூட்டுத் தேய்மானம், நடுக்குவாதம். பிசியோதெரபி இல்லாமல் தீராத நோய்களாகப் பொறுக்கியெடுத்து வைத்திருக்கும் வயது அது. அந்த வயதுக்காரருக்குக் கொடுத்த அட்டையிலும் அதே நிபந்தனை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்?

யாருடைய முதுகு இது?

இந்தத் தீவுகளில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். நாம் எதற்கு இங்கே வந்தோம்? கூலிக்கு வந்தோம். ஹாடோ துறைமுகத்தில் மூட்டை தூக்கினோம். சாலை போட்டோம், கல் உடைத்தோம், கட்டடம் எழுப்பினோம். பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் உண்டு. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26-இல் கடல் ஏறிவந்து அந்தக் கச்சாலை எப்படி அடித்தது என்பதை நாம் மறக்கவில்லை.

சுமை தூக்கியவனுக்குக் கழுத்தும் இடுப்பும் போகும். கொத்தனாருக்குத் தோளும் முழங்காலும் போகும். மீனவனுக்கு வலை இழுத்து இழுத்து முதுகு போகும். சித்தாளாக வேலை செய்த நம் தாய்மார்களுக்கு நாற்பதிலேயே முட்டி தேயும். இதை நாம் விதி என்று சொல்லப் பழகிவிட்டோம். தைலம் தேய்த்துக்கொண்டு, வலி மாத்திரையை வாங்கி விழுங்கிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிறோம். கூலிக்காரனின் மூலதனமே அவன் உடம்புதான். முதலாளியின் இயந்திரம் பழுதானால் ஆள் வரவழைத்துச் சரிசெய்கிறார்கள். தொழிலாளியின் தோள்பட்டை பழுதானால் வேறு தொழிலாளியை வரவழைக்கிறார்கள்.

வங்காளிக் குடியேற்றத்தார், ராஞ்சியிலிருந்து வந்த பழங்குடித் தொழிலாளர், தெலுங்கு மீனவர், நிக்கோபாரி மக்கள் யாருக்கும் இதில் வேறு கதை இல்லை. ஆகவே இது தமிழருக்கு மட்டும் கேட்கும் சலுகை அல்ல.

கடல் நடுவே பதினைந்து நாள்

மெயின்லாண்டில் உள்ளவனுக்கு இல்லாத ஒரு தடை நமக்கு உண்டு. அது கடல். தீவுகள் அனைத்துக்கும் பெரிய அரசு மருத்துவமனை போர்ட் பிளேரில் உள்ள கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனைதான். 1963-இல் செல்லுலார் சிறையின் வளாகத்திலேயே எழுந்தது அது. சிறையின் ஏழு கைகளில் மூன்றுதான் இன்று மிச்சம். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். ஊருக்குப் பெயர் மாற்ற ஓர் அறிவிப்புப் போதும். டிக்லிபூரில் படுத்திருப்பவர் அந்த ஊருக்கு வந்து சேர்வதற்கு?

டிக்லிபூரிலிருந்து சாலை வழி 300 கிலோமீட்டருக்கும் மேல். வழியில் ஜாரவா மக்களின் காப்புக்காடு. குறித்த நேரத்தில் வண்டிகள் வரிசையாகச் சேர்ந்தே போகவேண்டும். நேரம் தவறினால் அடுத்த வரிசைக்குக் காத்திருக்க வேண்டும். ஜாரவா மக்களின் பாதுகாப்புக்காக வந்த அந்த விதியை நாம் குறை சொல்லவில்லை. நடுவில் வண்டியோடு படகேறி நீரிணையைக் கடக்க வேண்டும். ஹட் பேயிலிருந்து கப்பல். கச்சாலிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல், கேம்ப்பெல் பேயிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் கடல் வழி. ஹெலிகாப்டரில் இடம் கிடைப்பதோ குதிரைக்கொம்பு. பாதி உடம்பு செயலற்ற ஒருவரை வாரத்துக்கு மூன்று முறை இப்படிக் கொண்டுவந்து கொண்டுபோக எந்தக் கூலிக் குடும்பத்தால் முடியும்?

"சென்னைக்குப் போய்விடுங்கள்" என்று சுலபமாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே இல்லாத சிகிச்சைக்கு மெயின்லாண்ட் மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கும் அனிஷி என்ற தீவுக் காப்பீட்டுத் திட்டமும் வந்தது. ஆபரேஷனுக்கு அது உதவும், சரி. ஆபரேஷன் முடிந்த பின்? ஆயுஷ்மான் அட்டையில் போனவருக்கு 15 நாள் என்கிறார்கள். கப்பலுக்கு இடம் கிடைக்கக் காத்திருந்து, சென்னையிலிருந்து ஏறத்தாழ மூன்று நாள் கடலில் வந்து, போர்ட் பிளேரிலிருந்து மறுபடி தீவுக்குக் கப்பல் பிடித்து வீடு சேர்வதற்குள் அந்த 15 நாளில் மிச்சம் எத்தனை? சென்னையிலேயே தங்கிப் பயிற்சி செய்யலாமென்றால் அறை வாடகை, துணைக்கு வந்தவரின் போன கூலி, இரண்டு பேர் சாப்பாடு. இவை எந்த அட்டையிலும் இல்லை.

ரயிலே ஓடாத இந்தத் தீவில் ரயில் டிக்கெட் முன்பதிவுக்குக் கவுண்டர் உண்டு. சென்னையிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ போகும் வண்டிக்கு இங்கேயே சீட்டு எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சீட்டுக்கு அக்கரையில் வண்டி நிற்கிறது. நம் கையிலிருக்கும் காப்பீட்டு அட்டைக்கோ எந்தக் கரையிலும் வண்டி இல்லை.

இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு குடும்பம்

இடம்பெயர்ந்த தொழிலாளிக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். பத்து வருஷம் முன்பு இராமநாதபுரத்தையோ தூத்துக்குடியையோ விட்டு வந்தவருக்குக் குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறதா, நீக்கப்பட்டதா என்றே தெரியாது. ஆயுஷ்மான் திட்டமோ 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் பட்டியலைப் பிடித்துக்கொண்டு தொடங்கியது. அந்த மத்தியப் பட்டியலில் இருப்பவருக்கு நாடு முழுவதும் அட்டை செல்லும். மாநில அரசு தன் செலவில் சேர்த்தவருக்கு அந்த உறுதி இல்லை. இங்கேயோ ஐலண்டர் கார்டு இருக்கிறதா என்று முதல் கேள்வி. இல்லாதவருக்குக் கப்பல் கட்டணம் முதற்கொண்டு எல்லாமே வேறு. அங்கே பெயர் வெட்டப்பட்டு, இங்கே பெயர் எழுதப்படாமல், நடுக்கடலில் நிற்கும் குடும்பங்கள் நம் உறுப்பினர்களிலேயே உண்டு.

ரேஷன் அரிசிக்கு ஒரே நாடு ஒரே அட்டை என்று கொண்டுவந்தவர்களுக்கு, நொண்டும் காலுக்கு அதைச் செய்ய ஏன் கை வரவில்லை?

முடியாது என்பது உண்மையா?

"பிசியோதெரபி எல்லாம் வசதி படைத்தவர்களுக்கு, அரசால் எல்லோருக்கும் கொடுக்க முடியாது" என்று சொல்கிறவர்கள் மூன்று உதாரணங்களைப் பார்க்கட்டும்.

முதலாவது, ஈ.எஸ்.ஐ. 1948-இல் சட்டமாகி, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, இன்று 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்ட திட்டம் அது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளியிடம் நூற்றுக்கு முக்கால் ரூபாயும் முதலாளியிடம் மூன்றே கால் ரூபாயும் வாங்கிக்கொண்டு, படுக்கைச் சிகிச்சையோடு புறநோயாளிச் சிகிச்சையும் கொடுக்கிறது. ஆக, காப்பீடென்றால் படுக்கைக்கு மட்டுமே என்பது இயற்கை விதி அல்ல. தொழிலாளர் போராடிய இடத்தில் விதி வேறாக இருக்கிறது.

இரண்டாவது, மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிரமயா காப்பீடு. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்ச ரூபாய் வரை. அதில் புறநோயாளிச் செலவுக்கும் தொடர் பயிற்சிச் சிகிச்சைக்கும் இடம் உண்டு. முதலில் கைப்பணம் கொடுத்து, ரசீது காட்டித் திரும்பப் பெறவேண்டும் என்ற தொல்லை இருக்கிறது. ஆனால் பிசியோதெரபியைக் காப்பீட்டுக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு டெல்லி அரசே கொடுத்த சாட்சி அது.

மூன்றாவது, தமிழ்நாடு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டது. அதில் அட்டை கேட்கவில்லை, பேக்கேஜ் பேசவில்லை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் இயன்முறை மருத்துவர், ஒரு நோய் ஆதரவுச் செவிலியர் என்று நியமித்து, படுத்த படுக்கையாய் இருப்பவரின் வீட்டு வாசலுக்கே வண்டியில் போகச் செய்தார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. அதில் வேலை செய்யும் தன்னார்வலர்களுக்குக் கொடுக்கும் தொகை போதாது என்ற குரல் அங்கே எழுந்தது. அந்தக் குரலோடு நாமும் சேர்கிறோம். குறை இருந்தாலும் வழி அதுதான்.

நம் ரயில்வேத் தொழிலாளிக்கும் இது தெரிந்த விஷயம். ரயில்வே நிர்வாகம் தன் தொழிலாளிக்குக் காப்பீட்டு அட்டையைக் கொடுத்து கிளினிக் தேடி அலையவிடவில்லை. பெரம்பூரில் மருத்துவமனை கட்டியது. கோட்டங்களில் மருத்துவமனை வைத்தது. பிசியோதெரபிஸ்டைச் சம்பளத்துக்கு நியமித்தது. கருணையால் செய்ததா? தொழிலாளி நிமிர்ந்தால்தான் வண்டி ஓடும் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். சங்கம் இருக்கிறது என்பதும் தெரியும். 1974 மே 8 அன்று நாடு முழுவதும் வண்டிகளை நிறுத்திக் காட்டிய கூட்டத்துக்கு எதையும் எளிதில் மறுத்துவிட முடியாது.

உலகத்தைப் பார்த்தாலும் இதே பாடம். 1948 ஜூலை 5 அன்று பிரிட்டன் தன் தேசிய மருத்துவ சேவையைத் தொடங்கியது. அங்கே நோயாளி பிசியோதெரபிக்குப் பணம் கட்டுவதில்லை. காத்திருக்கும் வரிசை நீளம் என்ற குறை உண்டு, வாசலில் பில் இல்லை. கியூபா ஏழை நாடு, நம்மைப்போல் தீவு நாடு, அமெரிக்கத் தடையில் மூச்சு முட்டும் நாடு. அது தன் வட்டார பாலிகிளினிக்குகளிலேயே மறுவாழ்வுச் சிகிச்சைக் கூடங்களை அமைத்தது. 1978 செப்டம்பரில் சோவியத் நாட்டின் அல்மா ஆட்டா நகரில் உலக நாடுகள் கூடி, ஆரம்ப சுகாதாரம் என்றால் தடுப்பும் சிகிச்சையும் மட்டுமல்ல, மறுவாழ்வும் சேர்ந்ததே என்று அறிக்கை வெளியிட்டன. இந்தியாவும் அந்த அறிக்கையில் உடன்பட்ட நாடுதான்.

வாக்குறுதிகளுக்கு இங்கேயும் பஞ்சமில்லை. 2010-11-இல் தொடங்கிய முதியோர் உடல்நலத் தேசியத் திட்டத்தின் ஏட்டில், சமுதாய சுகாதார மையத்திலேயே மறுவாழ்வுப் பயிற்சி என்றும், படுக்கையில் கிடக்கும் முதியவரின் வீட்டுக்கே பயிற்சியாளர் போவார் என்றும் எழுதியிருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, அரசு குறிக்கும் வருமான வரம்புக்குள் உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் கிராமப்புறத்தில், வீட்டுக்கு அருகிலேயே இலவச மருத்துவம் என்கிறது. வீட்டுக்கு அருகில் என்பதற்கு நடுவே ஒரு கடல் என்று யார் பொருள் சொன்னது?

தனியார் கிளினிக்கைச் சேர்த்துவிட்டால் போதுமா?

"பிசியோதெரபி கிளினிக்குகளையும் அட்டைத் திட்டத்தில் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்பார்கள் சிலர். போர்ட் பிளேரில் இருப்பவருக்குக் கொஞ்சம் தீரும். அதனால் அதையும் கேட்கிறோம். ஆனால் அதோடு நின்றுவிட்டால் ஏமாந்துபோவோம். தனியார் கிளினிக் எங்கே திறப்பார்கள்? ஆள் கூடும் இடத்தில் திறப்பார்கள். கச்சாலிலும் ஹட் பேயிலும் மாயாபந்தரின் உள்கிராமத்திலும் எவன் வந்து கடை விரிப்பான்? தீவு மக்களுக்குத் தேவை மாதச் சம்பளத்தில், அரசுக் குடியிருப்பில், தீவிலேயே தங்கி வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். தமிழ்நாட்டில் வண்டி ஏறிப் போகிறவர் இங்கே படகேறிப் போகட்டும்.

"இவ்வளவு சிறிய தீவுக்கு ஓர் ஆளா?" என்று கேட்பார்கள். தீவு சிறியது என்றுதானே தபால்காரரை நிறுத்தவில்லை, போலீஸ்காரரை நிறுத்தவில்லை? கிரேட் நிக்கோபாரில் 72,000 கோடி ரூபாய்த் திட்டம் என்று அறிவித்து, துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் கட்ட 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதியும் கொடுத்தார்கள். அந்தத் தீவில் மூட்டை தூக்கவும் கல் சுமக்கவும் போகிறவன் யார்? நம்மவன். அவன் இடுப்பு ஒடிந்தால் அதை நிமிர்த்த ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கக் கஜானாவில் பணமில்லை என்றால் யார் நம்புவது?

இப்போதைக்கு என்ன செய்வது?

போராட்டம் வெல்லும்வரை நோய் காத்திருக்காது. அதனால் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிப் பிரிவு இருக்குமிடத்தில் காப்பீட்டு அட்டை தேவையில்லை, புறநோயாளிச் சீட்டு போதும். மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் மறுவாழ்வு மையம் ஒன்றும் போர்ட் பிளேரில் அமைக்கப்பட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன்பே, வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளைத் துணைக்கு இருப்பவருக்குச் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள், எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்தபின் உள்ள 15 நாளையும் வீணாக்காதீர்கள். உங்கள் கம்பெனிக்கு ஈ.எஸ்.ஐ. பொருந்துமா என்று சங்கத்தில் கேளுங்கள். ஆள்கணக்கைக் குறைத்துக் காட்டி ஏய்க்கும் காண்டிராக்டர்கள் உண்டு. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையிருந்தால் நிரமயாவில் பதிவு செய்யுங்கள். கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயர் பதியாதவர்கள் இந்த மாதமே பதியுங்கள். பக்கவாதக்காரரை வெறும் எண்ணெய்த் தேய்ப்பில் மட்டும் விட்டுவிட்டு மாதங்களைக் கடத்தாதீர்கள்.

நாம் கேட்பவை

1. ஆயுஷ்மான் காப்பீட்டில் புறநோயாளி இயன்முறை சிகிச்சையைச் சேர்க்க வேண்டும். பக்கவாதத்துக்கும் எலும்பு முறிவுக்கும் மூட்டு மாற்றுக்கும் 15 நாள் என்ற வரம்பை ஆறு மாதமாக்க வேண்டும். படுக்கையில்லாத பிசியோதெரபி கிளினிக்குகளுக்கும் திட்டத்தில் கதவு திறக்க வேண்டும்.

2. தீவுகளின் ஒவ்வொரு சமுதாய சுகாதார மையத்திலும் நிரந்தரப் பணியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு முறை வைத்து வரவேண்டும். எழ முடியாதவருக்கு வீட்டிலேயே சிகிச்சை வேண்டும்.

3. சிகிச்சைக்குப் போய்வரும் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் தீவிடைக் கப்பலில் இலவசப் பயணமும், போர்ட் பிளேரில் தங்க இடமும் வேண்டும்.

4. எந்த மாநில அட்டையானாலும், ஐலண்டர் கார்டு இல்லாவிட்டாலும், இங்கே வேலை செய்யும் தொழிலாளிக்கு இங்கேயே சிகிச்சை வேண்டும்.

5. கட்டட வேலைக்கென வசூலிக்கும் செஸ் நிதியிலிருந்து, வேலையில் உடல் பழுதான தொழிலாளியின் பயிற்சிச் சிகிச்சைக்கும் அந்நாட்களின் கூலி இழப்புக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

6. பயிற்சிக் குறிப்புகளைத் தமிழ், வங்காளம், தெலுங்கு, நிக்கோபாரி மொழிகளிலும் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். இந்தி தெரியாத பாட்டிக்கு இந்தியில் சொன்ன பயிற்சி எப்படிப் புரியும்?

இந்தப் பிரதேசத்துக்குச் சட்டசபை இல்லை. துணைநிலை ஆளுநரின் நிர்வாகம், டெல்லியில் ஒரே ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். ஒரு குரல் அங்கே ஒலிக்கவேண்டுமானால் இங்கே ஆயிரம் குரல் எழுந்தாக வேண்டும். ஆகவே கிளைச் சங்கங்கள் ஒவ்வொன்றும் தம் பகுதியில் எழுந்து நடக்க முடியாமல் இருப்பவர் எத்தனை பேர், எந்த அட்டை இருக்கிறது, எங்கே மறுக்கப்பட்டது, எத்தனை மாதமாயிற்று என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுங்கள். வீட்டாரின் சம்மதத்தோடு எழுதுங்கள். வங்காளத் தோழர்களையும் தெலுங்குத் தோழர்களையும் கூட அழைத்துச் செல்லுங்கள். அந்தக் கணக்கைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடுங்கள். தீர்மான நகல்களைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். எல்லாவற்றையும் கட்டாகச் சேர்த்து நிர்வாகத்தின் மேசைமேல் வைப்போம், நாடாளுமன்ற உறுப்பினரின் கையிலும் கொடுப்போம். பதில் வரவில்லையென்றால் தலைமைச் செயலக வாசலில் உட்காருவோம். நிற்க முடியாதவர்களுக்காக உட்காருகிறோம் என்று சொல்லியே உட்காருவோம்.

தீவைக் கட்டியது நம் உடம்பு. அந்த உடம்பைப் பழுதுபார்த்துக் கொடு என்று கேட்பது பிச்சை அல்ல, பாக்கி. வட்டியில்லாமல் கேட்கிறோம், உடனே கொடுங்கள்!